எறும்புக்கு வழிவிட்ட வேன் பாய்

உலகத்திலேயே எறும்புக்கு வழிவிட்டு வண்டி ஓட்டுகிற ஒரே டிரைவர் எங்கள் வேன் பாய்தான். சத்தியமாகச் சொல்கிறேன், சிறுசேரியில் ஆம்புலன்ஸுக்கே ஒதுங்காதவர்கள் இருக்கிறார்கள். இவரோ தினமும் எங்கள் அபார்ட்மென்ட் கேட்டில் குனிந்து டயருக்கடியில் பார்ப்பார். எறும்பு வரிசை கடந்து முடிந்த பிறகுதான் ஸ்கூல் வேனைக் கிளப்புவார்.

"என்ன பாய், லேட்டாகுதே!" என்று நான் கத்துவேன்.

"சுலைமான் நபி படையோட வந்துகினு கீறாரு மேடம். ஒரு எறும்பு கூவுது, 'வூட்டுக்குள்ள ஓடுங்க, தெரியாம மிதிச்சிடப் போறாங்க'ன்னு. நபி அத்த கேட்டு சிரிச்சாரு. அவ்ளோ பெரிய ராஜாவே காது குடுத்தாரு, வேன் ஓட்டுறவன் நான் குடுக்கக் கூடாதா?"

நானும் குனிந்து, கடைசி எறும்பு கடந்துவிட்டதா என்று பார்ப்பேன்.

வழி நெடுகக் கதைதான். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும். கேட்டதோடு விட்டால் பரவாயில்லையே! தாகத்தில் தவித்த நாய்க்காக ஒருவர் கிணற்றில் இறங்கி, தன் காலணியில் தண்ணீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறி வந்த கதையை ஒருநாள் சொல்லியிருக்கிறார். மறுநாள் ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் யாழினி, புது ஷூ நிறையத் தண்ணீர் பிடித்து, பல்லால் கவ்விக்கொண்டு தெருநாயைத் துரத்தினாள். தப்பித்தால் போதுமென்று நாய் நாவலூர்ப் பக்கம் ஓடியது.

எங்கள் அபார்ட்மென்ட் செக்ரட்டரி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். பரீட்சையன்று வேன் லேட்டானதும் பொங்கிவிட்டார். "மறுபடியும் எறும்புதான் காரணம்னா வேற வேன் பாத்துக்கலாம்" என்று மீட்டிங் போட்டார். பாய்க்கு எங்கள் டிரிப்தான் பிழைப்பே. என் வீட்டுக்காரர் யாழினியைத் தனியே கூப்பிட்டு, "யார் கேட்டாலும் டிராஃபிக்னு சொல்லிடு கண்ணு" என்று சொல்லி வைத்தார்.

மீட்டிங்கில் செக்ரட்டரி நேராக அவளிடமே கேட்டார். "ஏம்மா, அன்னிக்கு ஏன் லேட்டு?"

"எறும்பு அங்கிள். நிறைய எறும்பு. பாய் இறங்கி நின்னுட்டாரு."

போச்சுடா! "டிராஃபிக்னு சொல்லச் சொன்னேன்ல!" என்று இவர் பல்லைக் கடித்தார்.

யாழினி கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னாள். "அது பொய்ப்பா. ஒரு பையன் சட்டையில அவங்கம்மா தங்கக் காசு தைச்சு வச்சாங்களாம். திருடன் கேட்டப்பக்கூட அவன் உண்மையத்தான் சொன்னானாம். பாய்தான் கதை சொன்னாரு."

என் வீட்டுக்காரர் மின்விசிறியை ஆராய ஆரம்பித்துவிட்டார்.

வாசலோரம் நின்றிருந்த பாய்க்குப் பிழைப்பு போகிற கவலையே இல்லை. கண்ணில் நீர் தளும்ப, சிரிக்கிறார் மனுஷர். "மாஷா அல்லாஹ்! டிரிப்பு போனா போவுது சார். எம்பொண்ணு எனக்காகக்கூட பொய் சொல்லல, பாத்தீங்கல்ல!"

செக்ரட்டரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாளையிலேர்ந்து கால் மணி நேரம் முன்னாடியே வந்து தொலைங்க பாய்."

பெற்றவள் நான் பக்கத்திலேயே நிற்க, 'எம்பொண்ணு' என்கிறார். சொல்லட்டுமே, அவருக்கும்தானே அவள் பொண்ணு.