கீழ்வீட்டுத் துரைசாணியின் துடைப்பக்கட்டை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. பதில் தாமதம் என்று திட்டாதே. இந்த வீட்டில் இப்போது பேனா மூடியைக்கூடச் சத்தமில்லாமல்தான் திறக்க வேண்டியிருக்கிறது.

காரணம், கீழ்வீட்டில் தனியாக இருக்கும் ஆங்கிலேய அம்மாள். துரைசாணி என்று நாங்கள் வைத்த பெயர். உன் செல்லம், என் மகளுக்கு இரண்டு வயது முடிந்தும் ஒரு வார்த்தை வரவில்லை, தெரியுமல்லவா? வாய்க்கும் சேர்த்துக் காலால் பேசுகிறாள். இவள் இரண்டு குதி குதித்தால் கீழிருந்து துடைப்பக்கட்டையால் இரண்டு இடி. மூன்று குதித்தால் மூன்று. எண்ணி எண்ணி இடிக்கிறாள், அக்கா! "பாத்தியா, கோபத்தைக்கூடப் பாக்கி வைக்க மாட்டேங்கிறாங்க" என்று இவர் ரசிக்கிறார். மாடிப்படியில் பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டே "சாரி" என்கிறாள், நான் "சாரி சாரி" என்கிறேன். யார் எதற்குக் கேட்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. எதுக்கு வம்புன்னு, இருக்கிற போர்வை மெத்தை எல்லாத்தையும் தரையில விரிச்சு, குழந்தைக்கு ரெண்டு ஜோடி காலுறை மாட்டி, இவரும் வேலை முடிஞ்சு வந்தா சொந்த வீட்டுலேயே திருடன் மாதிரி பூனை நடை நடக்க, ஒரு வாரமா வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. இடி நின்னுடுச்சு. ஆனா குழந்தை? தரையில காதை வச்சுப் படுத்தே கிடக்கிறா. சாப்பாடு இறங்கல. டாக்டர்கிட்ட போனா, "அவ தானா பேசுவா, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க"ங்கிறார். சத்தம் போடாதேன்னு அடக்கி அடக்கி, நானே அவ வாயை மூடிட்டேனோ?

ஆகவே, உங்கள் தெருவில் தரைத்தளத்தில், கீழே மண்ணைத் தவிர வேறு யாரும் குடியில்லாத வீடாக ஒன்று உடனே பார்க்கவும். அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட தங்கை

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் அழைப்பு மணி. துரைசாணி! கையில் அதே துடைப்பம். அடிக்கவே வந்துவிட்டாள் என்று குழந்தையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவளோ தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில், "உங்க பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா? தினமும் கூப்பிடுவா, நான் பதில் தட்டுவேன். ஒரு வாரமா கூப்பிடவே இல்லையே. நான் ஏதாவது தப்பாத் தட்டிட்டேனா?" என்று கேட்டுவிட்டு, "சாரி" என்றாள். நானும் "சாரி" என்றேன். என் காலுக்குப் பின்னாலிருந்து மூன்றாவதாக ஒரு "சாரி".

அம்மா இல்லை, அப்பா இல்லை, சாரி! வாசலிலேயே இரண்டு பேரும் அழுதுவிட்டோம்.

வீடு பார்க்க வேண்டாம். போர்வைகளை மடித்துவிட்டேன். இவருக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பூனை நடை ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.