தங்கைக்காகப் படிப்பவர்

தங்கைக்காகக் கதைப்புத்தகம் படிக்கும் அண்ணன்மார் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தனக்காக இவர் ஒரு வரிகூடப் படித்ததில்லை. கதைப்புத்தகம் என்றாலே இவருக்கு ஆகாது. ஆனால் வீட்டில் வயசுப்பெண் இருக்கிறாள். அவள் கைக்குப் போகும் புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியது யார் பொறுப்பு? பார்க்கிறார். முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரைக்கும், விலை போட்டிருக்கும் இடம் உட்பட, பொறுப்பாகப் பார்க்கிறார். சந்தேகம் வந்தால் இரண்டாம் தடவையும் பார்க்கிறார். கண்ணில் நீர் தளும்பினால் மலைக்காற்று என்கிறார்.

கேமரன் மலையில், தானா ராத்தாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், எழுபத்தொன்பது, எண்பது வாக்கில் இந்த இனத்தின் முதல்தர ஆள் ஒருவர் இருந்தார். காளியண்ணன். பெயரிலேயே அண்ணன். தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை. தூள் வேறு, குச்சி வேறு என்று அவர் பிரித்துவிட்டால் அப்புறம் ஒரு குச்சிகூடத் துரையின் கோப்பை வரைக்கும் போக முடியாது. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவருக்கு இருந்தது ஒரே தங்கை, பவளம். கொழுந்து பறிப்பவள். மூன்றாம் படிவம் வரை படித்தவள். அந்த லயத்து வரிசை வீடுகளில் அவ்வளவு படித்தது தன் தங்கை ஒருத்திதான் என்பதைக் கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த சீனக் கிழவரிடமும் மலாயில் சொல்லியிருக்கிறார்.

பவளம் மாதம் ஒரு கதைப்புத்தகம் வாங்குவாள். எல்லாம் ஒரே கதைதான். பேர்பெற்ற வீணை வித்துவான் ஒருவன், சில மாதம் அவனே பாடகன், சில மாதம் புல்லாங்குழல், கச்சேரிக்குப் போகும் வழியில் மலைப்பாதையில் அவன் கார் நின்றுவிடும். ஏழைப்பெண் ஒருத்தி தண்ணீர் கொண்டுவருவாள். தண்ணீர் காருக்குத்தான், இவன் வாங்கிக் குடித்துவிடுவான். அதற்கப்புறம் அவன் வாசிக்கும் ராகமெல்லாம் அவளைப் பற்றியே இருக்கும். தொண்ணூற்றாறாம் பக்கத்தில் தாலி. தொண்ணூற்றேழில் கதவு சாத்தப்படும். தொண்ணூற்றெட்டில் பறவைகள் கூவும்.

இதைத்தான் காளியண்ணன் சலித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் புத்தகத்துக்குப் பழைய பத்திரிகைத்தாளில் உறை போட்டுக்கொண்டு, ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம் என்றிருக்கும் பென்சிலோடு உட்காருவார். ஆகாத இடத்துக்குச் சிவப்புக் கோடு. நல்ல கருத்துக்கு நீலம். ஓரத்தில் குறிப்பு வேறு. 'விரல் பட்டது. தெரியாமல் பட்டதால் மன்னிக்கலாம்.' 'மறுபடியும் பட்டது. இது தெரிந்தே.' 'கண்ணால் பேசினார்களாம். வாய்க்கு என்ன?' பவளத்துக்கு இதனால் பெரிய உபகாரம். புத்தகம் கைக்கு வந்ததும் சிவப்புக் கோடு போட்ட இடங்களை முதலில் படித்துவிடுவாள். லயத்துப் பெண்களும் கடையில் புதுசு வாங்குவதை விட்டுவிட்டு, அண்ணன் பார்த்த புத்தகம்தான் வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். தன் சேவைக்கு ஊரில் இவ்வளவு மதிப்பா என்று காளியண்ணன் பூரித்துப்போனார்.

அவரை வாட்டியது அந்தத் தொண்ணூற்றேழாம் பக்கம் ஒன்றுதான். கதவு சாத்தப்பட்டது, சரி. அப்புறம்? ஒரு தாள் விட்டுப்போயிருக்கிறது என்று முடிவு செய்து, தானா ராத்தாவில் புத்தகக்கடை வைத்திருந்த சிவசாமியிடம் புகார் கொடுத்தார். சிவசாமி வேறொரு பிரதியைப் பிரித்துக் காட்டினார். அதிலும் அப்படியே. போன மாதத்துப் பாடகன் கதையிலும் அப்படியே.

"அதெல்லாம் அப்படித்தான்லா வரும், அண்ணே. கதவ சாத்துனா சாத்துனதுதான்."

ஒப்புக்கொள்வாரா? எழுத்தாளருக்கே கடிதம் போட்டார். 'ஐயா, மாலை ஆறரைக்குக் கதவு சாத்தப்பட்டது. அடுத்த பக்கத்தில் காலை ஐந்தரை. இடையில் பதினோரு மணி நேரத்துக்கு விவரம் இல்லை. கல்யாணம் ஆனவர்கள்தான், குற்றமில்லை. ஆனாலும் நான் ஒரு அண்ணன். விவரம் தேவை.' மூன்று மாதம் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. 'எனக்கும் தெரியாது. நானும் வெளியேதான் நிற்கிறேன்.' அன்றிலிருந்து அந்த அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். ஆனால் பவளத்துக்கு இருபத்துநான்கு வயதாகிவிட்டது. வந்த மாப்பிள்ளைகளை அண்ணன் சலித்ததில் சல்லடையில் ஒருவனும் தங்கவில்லை. கம்போங் ராஜாவிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். ஆளுக்குத் தாளம் தெரியவில்லை. லெம்பா பெர்த்தாமிலிருந்து மூன்று ஏக்கர் தக்காளியோடு ஒருவர் வந்தார். தக்காளிக்கு மேடை ஏது? காரணம் கேட்டவர்களிடம், கலைஞனாக இருக்க வேண்டும், நாலு ஊரில் பேர் வாங்கியவனாக இருக்க வேண்டும் என்பார். புத்தகம் படித்து வந்த ஆசையா என்று கூட வேலை செய்த இருளப்பன் கேட்டதற்கு, "நான் எங்க படிச்சேன்? பார்த்தேன்" என்றார்.

பவளமோ ஒருவனை ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தாள். திரிங்காப்பிலிருந்து கோஸும் பூவும் ஏற்றிக்கொண்டு தாப்பாவுக்கு லோரி ஓட்டும் ஆண்டியப்பன். தோட்டத்துக்குக் கீழே அவன் லோரி போகும்போதெல்லாம் சரிவில் கொழுந்து பறிக்கும் இவள் கை தானாக நின்றுவிடும். இவனையும் அண்ணன் தட்டிவிட்டால் அடுத்த வருஷமும் ஏழைப்பெண் தண்ணீர் சுமக்கும் கதைதான் மிச்சம் என்பது அவளுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்டியப்பன் தன் அத்தை அம்மாக்கண்ணுவோடு பெண் பார்க்க வந்தான். பழத்தட்டோடு நாலு கோஸும் ஒரு கட்டுச் செவ்வந்தியும். தேநீர் வந்தது. பெண் பாடுமா என்று கேட்க அம்மாக்கண்ணு தொண்டையைச் செருமினார். காளியண்ணன் முந்திக்கொண்டார்.

"மாப்பிள்ள பாடுவாரா?"

அம்மாக்கண்ணுவுக்குப் புரையேறியது. "எங்க பக்கம் பொண்ணத்தான் தம்பி கேப்பாங்க."

"இங்க சலிச்சுத்தான் எடுக்கிறது" என்றார் காளியண்ணன். பென்சில் காதில் இருந்தது. "வாத்தியம் ஏதும்?"

"லோரிதாங்க."

"மேடை ஏறியிருக்கீங்களா?"

ஆண்டியப்பன் யோசித்தான். "மேடு ஏறியிருக்கேங்க. தாப்பாலேருந்து இங்க வர்ற வரைக்கும் மேடுதானே."

காளியண்ணன் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். சிவப்பு முனை கீழே வந்தது. அது கீழே வந்தால் என்ன அர்த்தம் என்று அறிந்த ஒரே ஆள் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். கையில் புல்லாங்குழல்காரன் கதை.

"அண்ணே, நாப்பத்திரண்டாம் பக்கத்துல நீயே நீலத்துல எழுதியிருக்க. வாசிக்கவா?" பதிலுக்கு நிற்காமல் வாசித்தாள். "'உண்மையான புகழ் எது? சத்தம் கேட்டதுமே, ஆளைப் பார்க்காமல், இன்னார் என்று ஊரே சொல்ல வேண்டும்.' இது நீ எழுதினதுதானே?"

எழுத்து அவருடையதுதான்.

"அவுங்கள ஒரு தடவ ஹாரன் அடிக்கச் சொல்லு."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த மலைப்பாதையில் எதிரே வருவது தெரியாது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தாக வேண்டும். எல்லாரும் பாம் என்று அடிப்பார்கள். ஆண்டியப்பன் லோரியில் மட்டும் ஐந்து குழல் வைத்த பாட்டு ஹாரன்.

அவன் வெளியே போய் அடித்தான். மூன்றாம் வீட்டு ஜன்னல் திறந்தது. "ஆண்டி வந்துட்டான்லா." துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்காமலே கோஸ் லோரி வந்தாச்சு என்றார்கள். மேலே பங்களாவில் துரையின் நாய்கூட, வேறு எந்த லோரிக்கும் குலைக்காத ஒரு தனி ராகத்தில் குலைத்தது. தொழிற்சாலைப் பக்கமிருந்து இருளப்பன், பூ இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

காளியண்ணன் அவசரப்படவில்லை. இன்னொரு தடவை அடிக்கச் சொல்லி, விரல் விட்டு எண்ணினார்.

"அஞ்சு சுரம். நாலாவது கொஞ்சம் இழுக்குதே."

"மழையில நனஞ்சா அப்படித்தாங்க."

பென்சில் மெல்லத் திரும்பியது. நீலம். கல்யாணப் பத்திரிகையில் வித்துவான் என்று போட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. போட்டுக்கலாம், ஒரு வரிதானே என்றார் அம்மாக்கண்ணு. 'ஹாரன் வித்துவான் ஆண்டியப்பன்' என்றே அச்சாகி, திரிங்காப்பிலிருந்து தாப்பா வரைக்கும் விநியோகமாயிற்று. யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். சாப்பாடு முடிந்து, மத்தியானம் மணமக்கள் திரிங்காப்புக்குப் புறப்பட்டார்கள். செவ்வந்தி மாலை கட்டிய அதே லோரி. மாப்பிள்ளை ஓட்டும் இடத்தில், பெண் ஜன்னலோரம். நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது. அங்கே, காதில் பென்சிலோடு, காளியண்ணன் ஏறப்பார்த்தார்.

"நீ எங்கண்ணே வர்ற?" என்றாள் பவளம்.

"நான் எதுக்கு வரப்போறேன்? பாத சரியில்லன்னாங்க. அதான், சும்மா பார்த்துட்டு வந்துடலாம்னு."

அவள் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். அப்புறம் படியிலிருந்த அவர் காலைப் பார்த்தாள்.

"அண்ணே, தொண்ணூத்தேழாம் பக்கம் வந்துருச்சு. எறங்கு."

இறங்கினார். லோரிக் கதவு சாத்தப்பட்டது. முதல் வளைவில் ஐந்து சுரமும் கேட்டது. இரண்டாவதில் கேட்டது. காளியண்ணன் எண்ணிக்கொண்டே நின்றார். பதினொன்றாவது வளைவில் அந்த நாலாவது சுரம் இழுத்தது. அதற்குமேல் பனி. சட்டைப்பையிலிருந்த அஞ்சலட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மலைக்காற்று என்றார், யாரும் கேட்காமலே.

நீங்கள் அந்த இனமில்லை, தெரியும். இதைக்கூட நீங்களாகவா படித்தீர்கள்? வீட்டில் சின்னவர்கள் கையில் கிடைத்தால் ஆகுமா ஆகாதா என்று, சும்மா ஒரு பார்வை பார்த்தீர்கள். கடைசி வரி வரைக்கும் பார்த்தீர்கள். இப்போது, பதினொன்றாவது வளைவு தாண்டி லோரிக்குள் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரிய வேண்டும் உங்களுக்கு. அதுவும் உங்களுக்காக இல்லை.

கதவுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். காளியண்ணனுக்கும் இடம் வேண்டும்.