ஏழு கட்டில் வாங்கியவரின் எட்டாவது திருமணம்

சேலம், செவ்வாய்ப்பேட்டைக் கடை
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து

மதிப்பிற்குரிய ரஹமத்துல்லா மாமா அவர்களுக்கு, அக்கா மகன் அக்மல் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உம்ரா நல்லபடியாக முடிந்து நீங்களும் அக்தர் பானு மாமியும் மதீனாவில் சுகமாக இருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னாள். அல்ஹம்துலில்லாஹ். மாமியின் முழங்கால் வலி தேவலையாம், மகிழ்ச்சி. கடை நலம். வாசல் மழைத்தண்ணீர் வடிந்துவிட்டது. "போன்ல பேசுனா நீ கத்துற. கத்தாம எழுதி அனுப்பு" என்றீர்கள். எழுதுகிறேன். எழுத்தில் கத்த முடியாது என்று நினைத்துத்தானே சொன்னீர்கள், பார்ப்போம்.

முதலில் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து நாற்பது நாள் ஆகிறது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். விமானம் ஏறுமுன் நீங்கள் சொன்னது: "அந்த ரெண்டு சாப்ட்வேரையும் ஒண்ணோட ஒண்ணு கோத்து விட்டுட்டு, நீ எங்க வேணாலும் போ." இந்த வார்த்தைக்காகத்தான் இரண்டு வாரமாக இந்தச் சீர்வரிசைக் கடையில், பீரோவுக்கும் டிரஸ்ஸிங் டேபிளுக்கும் நடுவே, எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடியில் என் முகமே முறைக்க, உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு சாப்ட்வேரையும் வாங்கியது யார்? நீங்கள். வாடிக்கையாளர் விவரங்களை வைத்துக்கொள்ளும் சிஆர்எம்மைப் போன வருடம் யாரோ ஒருவர் கடைக்கு வந்து டீ குடித்த நேரத்தில் தலையில் கட்டிவிட்டுப் போனார். தானாகவே வாழ்த்தும் சலுகையும் அனுப்புகிற மார்க்கெட்டிங் ஆட்டோமேஷனைக் கோவைக் கண்காட்சியில் நீங்களே தேடிப் போய் வாங்கினீர்கள். கூட ஒரு டிராலி பை கொடுத்தார்கள். அந்தப் பைதான் இப்போது உங்களோடு மதீனாவில் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஒன்று மொபைல் எண்ணை வைத்து ஆளை அடையாளம் காணும், இன்னொன்று பில் எண்ணை வைத்து. இரண்டையும் பேச வைப்பது சம்பந்திகளைப் பேச வைப்பதைவிடக் கஷ்டம். உங்களுக்கு என்ன, "ஒரு ஒயரு இருக்கும்டா, சொருகு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

ஒயர் இல்லை மாமா. இருந்தாலும் சொருகியிருக்க முடியாது, ஏனென்றால் உள்ளே இருந்த விவரங்கள் அப்படி. உங்கள் சேல்ஸ்மேன் சிவபிரகாஷ் வாடிக்கையாளர் பெயர் என்ற இடத்தில் "பீரோ கதவு கோணல்" என்று ஒருவருக்குப் போட்டிருக்கிறான். "திரும்பி வாரேன்னு சொன்னவரு" என்று இன்னொருவர். பத்து ஒன்பதை வரிசையாக அடித்து அதுதான் மொபைல் எண் என்கிறான். எண் கொடுக்காத வாடிக்கையாளருக்கெல்லாம் யாருடைய எண்ணைப் போட்டான் தெரியுமா? உங்களுடையதை. கல்யாணத் தேதி தெரியாவிட்டால் காலியாக விட்டான். வாழ்த்து அனுப்புகிற புது டூல் காலியாக இருந்த தேதியை எல்லாம் அன்றைய தேதி என்று எடுத்துக்கொண்டது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இணைப்புக் கொடுத்தேன். பத்து மணி ஒரு நிமிடத்துக்கு உங்களுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு கல்யாண நாள் வாழ்த்து வந்தது. அதற்குத்தான் நீங்கள் போன் செய்து, "ஏன்டா, இங்க ஒங்க மாமி ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கா" என்றீர்கள், நான் கத்தினேன், நீங்கள் எழுது என்றீர்கள். சிவபிரகாஷைக் கேட்டேன். "மொதலாளி நம்பருதானே போட்டேன், வேற ஆளு நம்பரா போட்டேன்?" என்கிறான்.

சரி, ஒரே எண்ணுக்குப் பல தடவை போவதுதானே பிரச்சினை என்று, உங்கள் எண்ணை நீக்கிவிட்டு, ஒரே மொபைல் எண்ணில் இருக்கும் பில்களை எல்லாம் ஒரே ஆளாகச் சேர்த்துவிடும்படி அமைத்தேன். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். புத்தகத்தில் இருக்கிறது. ஒரு எண், ஒரு ஆள். செவ்வாய்க்கிழமை காலை மறுபடி ஓடவிட்டேன். அழகாக ஓடியது. ஒரு பிழைகூடக் காட்டவில்லை. நான் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். அதுதான் நான் நிம்மதியாகக் குடித்த கடைசி டீ.

மல்லசமுத்திரம் சின்னுசாமி அவர்களை உங்களுக்குத் தெரியும். தோட்டங்காட்டுக்காரர், பதினைந்து வருட வாடிக்கை. கூடப் பிறந்த பெண்களின் மகள்களுக்கெல்லாம் தாய்மாமன் என்ற முறையில் கட்டில் அவர்தான் எடுப்பார். இதுவரை ஏழு கட்டில். டூலுக்குத் தாய்மாமன் தெரியுமா? ஒரே எண், ஏழு கல்யாணத் தேதி. அது அவருக்கு அனுப்பியதை அப்படியே எழுதுகிறேன்:

"அன்புள்ள சின்னுசாமி, உங்கள் ஏழு திருமணங்களுக்கும் கட்டில் தந்த பெருமை எங்களுக்கு. எட்டாவது திருமணத்துக்கும் எங்களிடமே வாருங்கள். மணமக்களுக்கு ஜோடித் தலையணை இலவசம்."

எண்ணிக்கையைத்தான் டூல் போட்டது. வாக்கியம் முழுக்க நீங்கள் சொல்லச் சொல்ல நான் அடித்தது. "தலையணையைச் சேத்துக்கடா, மனசுல நிக்கும்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நின்றது. அவர் கிணற்று மோட்டாரைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் அந்தச் செய்தி வந்திருக்கிறது. வீட்டில் போனை எடுத்துப் படித்தது அவர் மனைவி வசந்தாமணி அம்மா.

புதன்கிழமை கடை திறந்ததும் ஒரு கார் வந்து நின்றது. முன்னால் வசந்தாமணி அம்மா, பக்கத்தில் அவர் அண்ணன், சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் நவநீதகிருஷ்ணன். பின்னால், வெயிலே இல்லாத கடைக்குள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சின்னுசாமி.

"ஏனுங், மெசேசு அனுப்புன தம்பி நீங்கதானுங்களா?" என்றார் அம்மா. "இதையக் கொஞ்சம் சத்தமாப் படிங்க. எங்கண்ணனுக்குக் காது மந்தம்."

நான் படித்தேன் மாமா. சிவபிரகாஷ், கட்டில் பார்க்க வந்திருந்த இரண்டு குடும்பம், எல்லாரும் கேட்க, ஜோடித் தலையணை வரைக்கும் படித்தேன்.

"எனக்கு ஒரே கண்ணாலந்தானுங்க தம்பி," என்றார் சின்னுசாமி. "அதுவே போதும்னு ஆயிருச்சுங்க."

"என்ன சொன்னீங்?"

"ஒண்ணுமில்லீங்."

தாய்மாமன் சீர், ஒரே போன் எண், மென்பொருள் தானாகச் சேர்த்துவிட்டது என்று நான் எட்டு நிமிடம் விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு விரல் விட்டு எண்ணினார். "சங்ககிரிப் புள்ளைக்கு ஒண்ணு. நாமகிரிப்பேட்டையில ரெண்டு. திருச்செங்கோட்டுல ஒண்ணு. நாலு. எனக்குத் தெரிஞ்சு நாலுதானுங். மிச்சம் மூணு கட்டலு ஆரு ஊட்டுக்குப் போச்சு?"

சின்னுசாமி மின்விசிறியைப் பார்த்தார். நவநீதகிருஷ்ணன், "மாப்ள, சீருக்குப் போறது அத்தனையும் எம்பட லாரிதான? எனக்கே தெரியாம எந்த லாரில ஏத்துன?" என்றார். இந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது. ஆனால் நான் கம்ப்யூட்டரைப் பார்த்து, "மூணும் டெலிவரி ஆயிருக்கு, தப்பு ஒண்ணும் இல்ல" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். சின்னுசாமி என்னைப் பார்த்த பார்வையைச் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அப்போதுதான் பில் போடும் மேசையிலிருந்து உங்கள் மகள் தஸ்னீம் எழுந்து வந்தாள். கையில் டெலிவரி நோட்டு. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக அம்மாவிடம் போய், "உக்காருங்கம்மா, மொதல்ல தண்ணி குடிங்க. மூணு கட்டிலும் ஆத்தூருங்கம்மா. ஒரே வீடு. மூணு பொண்ணுங்க" என்று பக்கத்தைக் காட்டினாள்.

ஆத்தூரில் இருப்பது சின்னுசாமியின் கடைசித் தங்கையாம். ஒரு கிரகப்பிரவேசத்தில் பந்தியில் உட்கார வைத்த விஷயமாக வசந்தாமணி அம்மாவுக்கும் அந்த வீட்டுக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. மனிதர் யாருக்கும் சொல்லாமல் போய், மூன்று பெண்களுக்கும் தாய்மாமன் முறையைச் செய்துவிட்டு வந்திருக்கிறார். அம்மா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு புள்ளைங்களுக்கும் கண்ணாலம் ஆயிருச்சா?" என்றார். "சின்னவ பாவாட கட்டிட்டு நின்னதுதான் எனக்குக் கண்ணுல இருக்குது." நோட்டை மூடிவிட்டு, "கட்டலாச்சும் நல்லதா வாங்கிக் குடுத்தீங்களா, இல்லைங் பேருக்கா?"

"தேக்குங்," என்றார் சின்னுசாமி, துண்டுக்குள்ளிருந்து.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். "ஏழு புள்ளைங்களைத் தேக்குல படுக்க வெச்சிருக்கறாரு," என்று அம்மா தஸ்னீமிடம் சொன்னார், "நான் படுக்கற கட்டலுக்கு ஒரு காலே இல்லீங் சாமி, செங்கல்லு வெச்சிருக்குது." எழுந்தார். கடையைச் சுற்றி வந்தார். ஷோகேஸில் நிற்கிற ஆறுக்கு ஆறேகால் தேக்குக் கட்டிலைத் தட்டிப் பார்த்தார். "இது. எட்டாவது. தலையணை சும்மாதானுங்?" அன்று சாயங்காலமே சங்ககிரி லாரியில் போய்விட்டது. வியாபாரம் ஆனதே என்று நீங்கள் சந்தோஷப்படுவீர்கள், தெரியும். வேண்டாம். என் உயிர் போய் வந்தது.

அவர்கள் போனபின் தஸ்னீம் என்னிடம், "மச்சான், நம்ம கடையில வாங்குறது ஒருத்தர், வாழப் போறது வேற ஒருத்தர். ஒங்க சாப்ட்வேருல யாருக்காகன்னு ஒரு கட்டம் இருக்கா, இல்லையா?" என்றாள். மூன்று நாளாக இரண்டு கம்பெனி உதவி எண்களிலும் காத்திருந்து, ஆயிரம் பக்கம் படித்து, எனக்குத் தோன்றாத ஒரு கேள்வி. இல்லை என்று ஒப்புக்கொள்ள எனக்கு அரை நாள் ஆனது. வியாழக்கிழமை கட்டம் வைத்தேன்: வாங்குபவர் யார், மணமகள் யார், மணமகன் யார், மணமகன் எண் என்ன. வாழ்த்து இனி மணமக்களுக்குப் போகும், சலுகை வாங்குபவருக்குப் போகும். வந்த பதிவுகளை எல்லாம் தஸ்னீமே போட்டாள். ஒன்றுகூடத் தவறாக இல்லை. சும்மா சோதித்துப் பார்க்கிறேன் என்று ஏபிசி, எக்ஸ்ஒய்இசட் என்று எதையாவது அடித்து வைக்கிற பழக்கம் இந்தக் கடையில் என்னையும் சேர்த்து எல்லாருக்கும் உண்டு. அவளுக்கு மட்டும் இல்லை. அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், மற்றபடி அவள் பேசுகிற பேச்சு தாங்க முடியவில்லை.

ஆக மாமா, இரண்டும் கோத்தாயிற்று. பேசிக்கொள்கின்றன. என் வேலை முடிந்தது. பாஸ்வேர்டு எல்லாம் கவரில் போட்டு உங்கள் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். சிவபிரகாஷிடம் அதைக் கொடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். பிறகு போன் செய்து "இதையும் அதோட கோத்து விடு" என்று சொல்லாதீர்கள், எந்தக் கண்காட்சிக்கும் போகாதீர்கள், எவன் என்ன பை கொடுத்தாலும் வாங்காதீர்கள். இந்தக் கட்டில், பீரோ, மெத்தை, கல்யாணம் எதுவும் இனி என் கண்ணில் படக் கூடாது. கணக்குத் தெரிந்தவன் மனிதர்களே இல்லாத இடத்தில் போய் உட்கார வேண்டும், அதுதான் எனக்குச் சரி.

மாமிக்கு என் சலாம். ஜம்ஜம் தண்ணீர் அம்மாவுக்கு ஒரு கேன் தனியாக. நபியின் பள்ளியில் இருக்கிறீர்கள், எனக்குப் பொறுமை கிடைக்க துஆ செய்யுங்கள். உங்கள் பயணம் ஏற்கப்பட்டு, நீங்கள் இருவரும் சுகமாக ஊர் வந்து சேர அல்லாஹ் அருள்வானாக.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்
அக்மல்

பி.கு.: கையெழுத்துப் போட்டு முடித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. "அன்புள்ள அக்மல், உங்கள் திருமணத்துக்கு எங்கள் வாழ்த்துகள். உங்களுக்காகத் தேக்குக் கட்டில் பதிவாகியுள்ளது. ஜோடித் தலையணை இலவசம்." மறுபடி கோளாறு என்று சிஆர்எம்மைத் திறந்தேன். வாங்குபவர்: ரஹமத்துல்லா. மணமகள்: தஸ்னீம். மணமகன்: அக்மல், என் எண். பதிவு செய்தவர்: தஸ்னீம், இன்று மூன்று மணி பத்து நிமிடம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பில் போட்டுக்கொண்டிருந்தாள். "சோதிச்சுப் பாக்கப் போட்டதா?" என்றேன். "நான் என்னைக்கு அப்படிப் போட்டேன்?" என்றாள். "மாமாவுக்குத் தெரியுமா?" என்றேன். "வாங்குறவரு பேரு படிச்சீங்களா மச்சான், இல்ல அதையும் நாந்தான் படிச்சுக் காட்டணுமா? நேத்தே மதீனாவுக்குப் போன் போட்டு எங்க அத்தாகிட்டப் பேசியாச்சு" என்று சொல்லிவிட்டு, தலை நிமிராமல் அடுத்த பில்லைப் போட்டாள். மாமா, ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். பெங்களூருக்கும் வரவில்லை என்று எழுதிவிட்டேன். மேலே நான் எழுதியதில் சின்னுசாமி விஷயம் தவிர மற்ற எதையும் மாமியிடம் படித்துக் காட்ட வேண்டாம். இணைப்பில் பிழை ஒன்றும் இல்லை, நன்றாகவே வேலை செய்கிறது. கவரை இழுப்பறையிலிருந்து எடுத்துவிட்டேன்.