கற்றுக்கொள்ளும் ஹீட்டர்

"அய்யய்யோ!" என்று குளியலறையிலிருந்து பாய்ந்து வந்தாள் தாமரை. தலையில் பாதி ஷாம்பு.

"ஏங்க, தண்ணி கொதிக்குது! ஹீட்டர் ஸ்விட்சைக் காணோம்! அந்த இடத்துல ஏதோ டப்பா மினுக்குது!"

"டப்பா இல்ல, ஸ்மார்ட் கன்ட்ரோலர்," என்றார் விஜயபாஸ்கர், குழந்தை பிறந்த செய்தி சொல்பவர்போல. "இனிமே ஹீட்டர் என் போன்ல. நாம எப்போ, எவ்வளவு வெந்நீர் எடுக்கறோம்னு அதுவே கத்துக்கும். கரண்ட் பில் பாதியாயிடும்."

அமீரகத்துப் பாலைவன ஊரான அல் ஐனில் அப்போது ஜூலை. மொட்டைமாடித் தொட்டியை வெயில் காய்ச்ச, நீலக் குழாயில் வரும் தண்ணீரில் முட்டை அவிக்கலாம். ஆகவே மே மாதமே ஹீட்டரை அணைத்துவிட்டு, ஏசி வீட்டுக்குள் அதன் வயிற்றில் கிடந்து ஆறிய தண்ணீரைச் சிவப்புக் குழாயில் பிடித்துக் குளிப்பது ஊர் வழக்கம். அக்கினி நட்சத்திரத்திலும் வெந்நீரில் குளிக்கும் விஜயபாஸ்கருக்கு இந்த ஞானம் எட்டவில்லை.

"இந்த வெயில்ல யாராவது ஹீட்டர் போடுவாங்களா? ஆஃப் பண்ணுங்க!"

"ஆஃப் பண்ணா அது எப்படிக் கத்துக்கும்?"

செப்டம்பரில் தமிழ்ச் சங்கச் செயலாளர் தேர்தல். பில்லைப் பாதியாக்கிக் காட்டிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவது அவர் திட்டம். வேட்டிகூட வாங்கிவிட்டார்.

தண்ணீர் எப்போதாவது ஆறி வருமென்ற நம்பிக்கையில் தாமரை சிவப்புக் குழாயைத் திறந்து திறந்து பார்த்தாள். கன்ட்ரோலர் அதைக் கவனித்தது. 'இந்தக் குடும்பத்துக்கு வெந்நீர் என்றால் உயிர்' என்று கற்றுக்கொண்டு இன்னும் கொதிக்க வைத்தது.

சூட்டைக் குறைக்க விஜயபாஸ்கர் அதை 'விடுமுறை' முறைக்கு மாற்றினார். வீட்டில் ஆளில்லை, ஹீட்டரில் தேங்கிய தண்ணீரில் கிருமி வளருமே என்று அக்கறைப்பட்ட கன்ட்ரோலர், தினமும் உச்சி வேளையில் தண்ணீரைப் பொங்க வைத்தது.

மகள் மஹதி எதையோ அமுக்கி அணைத்தாள். அவர் ரகசிய எண் போட்டுப் பூட்டினார்.

"அப்பா, திஸ் இஸ் டார்ச்சர்!"

"டிசிப்ளின்."

அதற்கப்புறம் புகாரே வரவில்லை. மாலையில் வீடு திரும்பினால் விளக்கு எரியாது, ஏசி ஓடாது. சற்று நேரத்தில் தாயும் மகளும் ஈரத் தலையோடு, சோப்பு மணக்க, சிரித்துக்கொண்டே வருவார்கள். சிக்கனம் ரத்தத்தில் ஊறிவிட்டது என்று பூரித்துப்போனார்.

லிஃப்டில் எதிர் ஃபிளாட் யாழ்ப்பாணத்து யோகநாதனையும் அவர் விடவில்லை.

"நீங்களும் ஒண்ணு மாட்டுங்க யோகநாதன்."

"வேண்டாம் அண்ணை. எங்கட ஹீட்டர் மே மாதத்தோட நித்திரை. படிப்பிச்சு என்ன செய்யிறது?"

ஆகஸ்ட் பில் வந்தது. சரிபாதி! பில்லை மூன்று முறை படித்துவிட்டு, ஃப்ரேம் போடலாமா என்று யோசித்தார்.

செப்டம்பர் கூட்டத்தில் புது வேட்டியோடு மைக்கைப் பிடித்தார். இடுப்பில் பெல்ட்டும் இருந்தது.

"நண்பர்களே! தொழில்நுட்பம் பாதி, தலைமைப் பண்பு பாதி. ரெண்டும் சேர்ந்துதான் என் பில் பாதி!"

கைதட்டல். தாமரை மட்டும் கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

அதோடு இறங்கியிருக்கலாம். ஆனால் மைக் கிடைத்த தமிழர்.

"எதிர் ஃபிளாட் யோகநாதனைப் பாருங்க. அதே அளவு வீடு. இந்தக் கோடையில அவர் பில் என்ன ஆச்சுன்னு அவரே சொல்லட்டும்!"

"ரெட்டிப்பாப் போச்சுது அண்ணை," என்றார் யோகநாதன் எழுந்து.

"பாத்தீங்களா? ஏன் ரெட்டிப்பாச்சு? எந்திரிச்சவர் அதையும் சொல்லிட்டு உக்காருங்க!"

யோகநாதன் ஒருமுறை தாமரையைப் பார்த்தார். அவள் பைக்குள் இன்னும் ஆழமாகத் தேடினாள்.

"கோவிக்காதேங்கோ அண்ணை. தாமரை அக்காவும் பிள்ளையும் ஜூலையில இருந்து எங்கட வீட்டிலதானே குளிச்சு, தோய்ச்சு, சமைச்சு, பின்னேரம் வரைக்கும் ஏசிக்குள்ள இருந்திட்டுப் போகினம்; உங்கட பில்லின்ர மற்றப் பாதிதான் என்ர பில்லில கிடக்கு."