'கிளம்பு' என்றால் போதும்

அந்தக் காலத்துத் திருவண்ணாமலையில் பாதி முகச் சவரத்தோடு நடுத்தெருவில் நிற்காத ஆண்பிள்ளையே கிடையாது. எல்லாம் ஒரே ஒரு மனிதரின் உபயம். தேரடித் தெரு மூலையில் சவரக்கடை வைத்திருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் 'அரைச்சவரம்'.

கத்தி பட்டதே தெரியாது. சுகத்தில் தூங்கிப் போனவர்கள் உண்டு. விழித்துப் பார்த்தால் அரைச்சவரம் இருக்க மாட்டார்.

எனக்கு இது வாய்த்தது பெண் பார்க்கப் போகிற நாளில். இடது கன்னம் முடிந்தது. வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. வண்டிக்கார பாய் தலையை நீட்டி, "கிளம்பு" என்றார். அரைச்சவரம் கத்தியை மடித்து மடியில் செருகிக்கொண்டு வண்டியேறிவிட்டார்.

"யோவ், கீழ்பென்னாத்தூர்ல பொண்ணு பாக்கப் போறேன்யா!"

"பொண்ணு எங்கயும் போயிடாது சார், இவன் போயிடுவான். வேணும்னா நீங்களும் ஏறுங்க!" என்றார் அரைச்சவரம், பாயைக் காட்டி.

சோப்பு நுரையோடு ஏறினேன். வழியில் வடைக்கடை வாசலில் இன்னொரு 'கிளம்பு'. வடை மாஸ்டர் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஒரு பொட்டலம் வேகவைத்த மல்லாட்டையோடு, அதாவது எங்கள் ஊர் வேர்க்கடலையோடு, வந்து சேர்ந்துகொண்டார். அய்யங்குளத்துப் படியில் போய் உட்கார்ந்தோம்.

அங்கேதான் விஷயம் தெரிந்தது. மூன்று பேரும் ஒரு காலத்தில் கஞ்சாவே கதியென்று கிடந்தவர்கள். தனித்தனியாக விட்டுப் பார்த்துத் தோற்றுப்போய், கடைசியில் அரைச்சவரம் போட்ட திட்டம் இது. புகை நினைப்பு வந்தவன் மற்றவனிடம் போய் 'கிளம்பு' என்று சொன்னால் போதும். கேட்டவன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கூடவே போக வேண்டும். நினைப்பு இறங்குகிறவரை மல்லாட்டை உரித்தபடி வம்பளக்க வேண்டும். புத்தி மட்டும் சொல்லக் கூடாது.

"ஏன் சொல்லக் கூடாது?" என்றேன்.

"அதுக்கு வீட்ல ஆள் இருக்குதுங்க, ஜாஸ்தியாவே" என்றார் வடை மாஸ்டர்.

அன்றைக்குப் பேச்செல்லாம் பாயின் குதிரையுடைய பிடிவாதத்தைப் பற்றித்தான். பாய்க்கு நினைப்பு மெல்ல இறங்கியது. பிறகு படியிலேயே என் வலது கன்னத்துக்கும் விமோசனம் கிடைத்தது. காதோரம் ஒட்டியிருந்த மல்லாட்டைத் தோலைப் பார்த்துச் சிரித்த பெண்தான் என் மனைவி.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அரைச்சவரம் யாரையும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு தீபத் திருவிழா. ஊரெல்லாம் கூட்டம். என் தொண்டையில் கத்தி வைத்திருந்தார். பக்கத்து மண்டபத்தில் சாமியார்கள் யாரோ பற்றவைத்த வாசனை கடைக்குள் வந்தது. கத்தி நடுங்கியது. கூடவே நானும்.

"பாயைக் கூப்பிடட்டுமா?"

"வேணாம் சார். ஆரம்பிச்சவனே நான். எனக்கே வருதுன்னு தெரிஞ்சா அவனுங்க தைரியம் போயிடும்."

கத்தியை வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். இடது பக்கம் மண்டபம், வலது பக்கம் ஜட்கா ஸ்டாண்டு. இடது பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். மண்டபத்திலிருந்து ஒரு சாமியார் கையை ஆட்டி அழைத்தார். இவர் ஒரு படி இறங்கினார். சட்டென்று திரும்பி வலது பக்கம் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

பாய் வண்டி நிறைய யாத்ரீகர்கள். நல்ல சம்பாத்தியம் பார்க்கிற நாள்.

"கிளம்புடா பாய்" என்றார் அரைச்சவரம், தலையைக் குனிந்துகொண்டு.

பாய் வாயைப் பிளந்தார். "அட, உனக்கும் வருதா? எனக்கு மட்டுந்தான் இன்னும் வருதோன்னு எத்தினி நாள் வெக்கப்பட்டுக் கெடந்தேன் தெரியுமா? ஏறுடா!"

யாத்ரீகர்களை இறக்கிவிட நேரமில்லை. அவர்களும் குளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வடை மாஸ்டர் ஜல்லிக்கரண்டியோடு ஓடி வந்தார். யாரும் புத்தி சொல்லவில்லை. குதிரை மறுபடி பேச்சில் அடிபட்டது. ஒரு யாத்ரீகர் தன் ஊர் மாட்டைப் பற்றி அதைவிட மோசமாகச் சொன்னார். அரைச்சவரம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"மல்லாட்டை தீந்துபோச்சு. போலாமா?" என்றார் பாய்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருங்கடா" என்றார் அரைச்சவரம்.

அந்த 'டா'வில் நானும் சேர்த்திதான் என்று எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தேன்.