கவிழ்த்த சைக்கிளும் கறுப்பு வயரும்

உரும்பிராய்,
28.05.1992

அன்புள்ள கதிரவேலு அத்தானுக்கு,

மைத்துனன் ஆழ்வாப்பிள்ளை எழுதுவது. பிள்ளையார் துணையால் இங்கு எல்லோரும் சுகம். நீங்களும் அக்காவும் சுகமாயிருக்க அவரையே வேண்டுகிறேன். நேரில் வந்து சொல்ல வேண்டிய விஷயம். சைக்கிள் றேடியோவோடு கட்டுண்டு கிடப்பதால் எழுதுகிறேன்.

எங்கள் தவமலருக்கு நீங்கள் பேசிய மாப்பிள்ளை பரமலிங்கம் போன ஞாயிறு வந்தார். கறண்டும் இல்லை, பற்றரியும் இல்லை, செய்தி கேட்க வழி செய்து தருகிறேன் என்று என் சைக்கிளைக் கவிழ்த்து வைத்தார். றேடியோவில் பற்றரி போடும் இடத்திலிருந்து, ஏதோ சின்னப் பெட்டி வழியாக, இரண்டு வயர் இழுத்தார். சிவப்பை டைனமோவில் பூட்டினார், சரி. கறுப்பைச் சைக்கிள் சட்டத்தில் முறுக்கிவிட்டு, "உதுதான் மாமா கிரவுண்ட்" என்கிறார். பெடலைச் சுற்ற றேடியோ கதைத்தது உண்மை. ஆனால் மாப்பிள்ளை பக்கத்தில் நின்று காட்டும்போது எல்லாம் நன்றாகத்தான் நடக்கும். எங்கள் பழைய பெட்டி றேடியோவின் கிரவுண்டுக்குக் கிணற்றடியில் கிடங்கு வெட்டி, கரியும் உப்பும் போட்டுக் கம்பி தாட்டவன் நான். சாக்கின்மேல் கவிழ்ந்து கிடக்கிற சைக்கிளில் என்ன கிரவுண்ட்? கிடங்கு வெட்டப் பஞ்சிப்பட்ட சோம்பேறி வேலை என்று எனக்கு அப்போதே சந்தேகம். ஆகவே கறுப்பு வயரைக் கழற்றி, வாழையடி மண்ணில் இரும்பு அலவாங்கை இறக்கி, அதில் கட்டி, வாளி வாளியாகத் தண்ணீரும் ஊற்றினேன். பின்னேரச் செய்திக்கு அயல் முழுக்க வந்து குந்தியது. என் மனுசி குணலட்சுமி பெடலைச் சுற்றுகிறாள், சுற்றுகிறாள், அவளுக்கு மூச்சு வாங்குகிறது, றேடியோ வாய் திறக்கவில்லை. பக்கத்து வளவு முருகேசு, "உது உங்கடை மருமோன் பூட்டினதோ?" என்று கேட்டான். வெட்கத்தில் குறுகிப்போனேன். இருக்கிற ஒரே மகளை அரைகுறை வேலைக்காரனிடம் கொடுத்துவிட்டு நான் எப்படி நிம்மதியாக இருப்பது? ஆவணியில் வைத்த கல்யாணத்தை நிறுத்திவிடுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. முருகன் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
ஆழ்வாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப்போக, முற்றத்தில் றேடியோ கதைத்தது. தவமலர் கறுப்பு வயரைத் திரும்பவும் சைக்கிளில் பூட்டியிருக்கிறாள். "வெளிக்கிட்ட கறண்ட் திரும்ப டைனமோவுக்குத்தான் வரவேணும் அப்பா. சைக்கிள் இரும்பாலை வரும். வாழையடிக்குப் போனால் வர வழியில்லை. அந்தத் திரும்புற வழியைத்தான் அவர் கிரவுண்ட் எண்டவர்" என்கிறாள். எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் அத்தான், மாப்பிள்ளை வந்த அன்று அவள் தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போனவள். எனக்கே சொல்லாத விளக்கத்தை அவளுக்கு அவர் எங்கே வைத்துச் சொன்னார்? கேட்டால், தலையைக் குனிந்துகொண்டு பெடலைச் சுற்றுகிறாள். கல்யாணத்தை நிறுத்த வேண்டாம். ஆவணிவரை பொறுக்கவும் வேண்டாம். ஆனியிலேயே நாள் பாருங்கள்.