மல்லாட்டை மில்லில் துடித்த முள்

சந்தேகப் பிராணியிடம் பெண்ணையும் கொடுக்கக் கூடாது, இன்ஜினையும் கொடுக்கக் கூடாது. நான் இரண்டையும் ஒரே வீட்டில் கேட்டவன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் ஒரு மில்லுக்குப் புது ஆயில் இன்ஜின் வந்திருந்தது. நான் விழுப்புரத்துக்காரன், இன்ஜின் படிப்பு படித்தவன் (அந்த மிதப்பு வேறு!). மில் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளோட்டத்துல ஒரே சீரா ஓட்டிக் காட்டுங்க தம்பி, பொண்ணு தர்றேன்." பெண் சரோஜாவை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேலை சுலபம். வேகம் காட்டும் முள் இறங்கினால் திருகைத் திருப்பி எண்ணெயைக் கூட்ட வேண்டும், ஏறினால் குறைக்க வேண்டும். சரோஜாவின் அண்ணன் மூட்டையைக் கவிழ்த்தான். சுமை ஏறியது, முள் இறங்கியது, நான் திருகினேன், வேகம் திரும்பியது. பலமாகத் திருகத் திருக, சுமையின் பாதிப்பே தெரியவில்லை. அடேயப்பா, சூரன்தான் நான்!

அப்புறம் முள் வெடுக் வெடுக்கென்று துடித்தது. மச்சான் வேலைதான்! பெண் கேட்ட நாளிலிருந்தே என்னை முறைத்தவன் அவன்.

"யோவ் மச்சான், வேணும்னே மொத்தமா கொட்டுறியா?"

"அட, இன்னா பேஜாரு! நான் சும்மா நின்னுக்கினு இருக்கேன்!"

நம்புவேனா? ஒவ்வொரு துடிப்புக்கும் முழு மூச்சாகத் திருகினேன். இன்ஜின் அலறியது, முனகியது, மறுபடி அலறியது. பெரிய பெல்ட் கழன்று தொலிக் குவியலில் அடித்தது. மல்லாட்டைத் தொலி மொத்தமும் வந்திருந்த பெரிய மனுஷர்கள் தலையில். கல்யாணம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு பார்த்தால், முள்ளை ஆட்டும் குட்டி பெல்ட்டில் தடித்த தையல். அது உருளையைத் தாண்டும்போதெல்லாம் முள் துள்ளியிருக்கிறது. சீராக ஓடிய இன்ஜினை நானே கெடுத்திருக்கிறேன். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முள் காட்டும் பிசகுக்கு ஒன்பது மடங்காகத் திருத்தினால், சுமையின் உலுக்கலில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆனால் முள் சொல்லும் பொய்யில் பத்துக்கு ஒன்பது பங்கு இன்ஜினுக்குள் இறங்கிவிடும். கை எவ்வளவு பலமோ, பொய்க்கும் அவ்வளவு பலம்.

தொலியைத் தட்டிக்கொண்டு வந்தார் முதலாளி. "சரோஜா இன்னாமோ விழுந்து விழுந்து சிரிச்சிக்கினே இருக்குது. கட்டுனா உங்களைத்தானாம். பொண்ண கட்டிக்கோங்க மாப்ளே. இன்ஜின மட்டும் தொடாதீங்க."

இன்றும் சரோஜாவின் புருவம் லேசாகச் சுளித்தால் போதும், "என்ன கோபம்? யார் என்ன சொன்னாங்க?" என்று விசாரணையை ஆரம்பித்துவிடுவேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்வார்கள், அவள் என்ன சொல்வாள் என்று தெரியும்.

"முள்ளுதான் ஆடுது. இன்ஜின் நல்லாத்தான் ஓடிக்கினு இருக்குது. கைய எடுங்க."